சிலேட்டைத் தலையில் வைத்த வகுப்பு

பள்ளி இன்ஸ்பெக்டர் ஐயா கரும்பலகையில் பத்து என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு இழுத்தார். சாக்குக்கட்டி கிறீச்சென்றது. இரண்டாவது கோடு முடிவதற்குள் பதினேழு பிள்ளைகளும் சிலேட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.  விளையாட்டாகச் செய்திருந்தால் ஓர் அதட்டலில் இறக்கியிருப்பேன். முன் பெஞ்சில் அஞ்சலை, மூலை உடைந்த தன் சிலேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடைந்த மூலை வழியாக எண்ணெய் மின்னும் உச்சந்தலை தெரிய, நேராக உட்கார்ந்திருந்தாள். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஸ்டோர் பக்கமிருந்து புளித்த பாலும் புகையும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா திரும்பிப் பார்த்தார். பிறகு தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது? மழையா பெய்யுது?"

"இல்லீங்கய்யா, தப்பு பெய்யுது" என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

வாசலில் நின்றிருந்த என் சித்தப்பா பெரிதாக இருமினார். அவர் அந்தத் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். அந்த இருமலுக்கு, உடனே ஏதாவது செய் என்று பொருள்.

அவர் பதறியதில் நியாயம் இருந்தது. மூன்றாம் வகுப்பை வைத்துக்கொள்வதா மூடிவிடுவதா என்று முடிவு சொல்லத்தான் இன்ஸ்பெக்டர் அன்று வந்திருந்தார். மூடினால், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் மறுவாரமே பெரட்டில் நிற்பார்கள். விடியுமுன் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். அஞ்சலைக்குப் பதினொரு வயது. அவள் அம்மா அதற்கென்று ஒரு சிறிய கத்திகூட வாங்கி வைத்துவிட்டாள்.

இதையெல்லாம்விட மோசமான சங்கதி ஒன்று இருந்தது. எனக்கும் விடை பத்துதான்.

தகரப் பெட்டி

செமோர் ஸ்டேஷனில் நான் வந்து இறங்கியதை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொன்னேன். அப்போது என் தகரப் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று இன்றும் ஒப்பிக்க முடியும், பட்டியல் போட்டுத்தான் அடுக்கியிருந்தேன். சேலை நான்கு, கவராயப் பெட்டி ஒன்று, அளவுகோல் இரண்டு, கறுப்பு மை ஒரு புட்டி, சிவப்பு மை ஒரு புட்டி, சீயக்காய்ப் பொடி, பட்டியல் எழுத இரண்டு நோட்டு.

அப்பா ஈப்போவில் நிலம் அளக்கிற அலுவலகம் ஒன்றில் வரைபடம் நகலெடுப்பவர். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவர் மேசைக்கு எதிரே எனக்கும் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். மெல்லிய நகல் துணியை விரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கோடு இழுக்கும் வேலை. ஆற்றின் வளைவு, ஈயச் சுரங்கத்துக் குளம், சுண்ணாம்பு மலையின் அடிவாரம் எல்லாம் என் பேனாவின் கீழே போயின.

அப்பா திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். "சிவப்பு மை எல்லைக் கோட்டுக்கு மட்டும். தெரியாத இடத்துல சிவப்பத் தொடாத. அழிக்க முடியாது."

சனிக்கிழமைகளில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்கும் போய்வந்தேன். செமோர் பக்கத்துக் கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பழைய வாத்தியார் ஊருக்குக் கப்பலேறிவிட்டார், கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சித்தப்பா எழுதியபோது, போகிறேன் என்று நானே சொன்னேன். சித்தி வீட்டில் தங்கல். ஆயாக் கொட்டகையை ஒட்டினாற்போல் ஒரு நீளக் கொட்டகை, அதுதான் பள்ளிக்கூடம். தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தைகளின் அழுகை ஒரு பக்கம், வாய்ப்பாடு ஒரு பக்கம். கூரை அத்தாப்பு ஓலை. மழை வந்தால் ஒழுகும். ஒழுகும்போது பிள்ளைகள் சிலேட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொள்வார்கள். முதல் வாரத்திலேயே அதை என் நோட்டில் எழுதி வைத்தேன்: கூரை, சரி செய்யவேண்டியது.

அது சரி செய்யப்படவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஐந்துக்கு நான்கு

அதுவரை அந்தப் பள்ளியில் இரண்டு வகுப்புகள்தான். மூன்றாம் வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும் என்று நான் சித்தப்பாவை நச்சரித்தேன். அவர் தோட்டத்துத் தொரையிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினார். யாரைச் சேர்ப்பது என்று பார்க்க ஐந்து கணக்கு கொடுத்தேன். நான்கு சரியாகச் செய்தவர்கள் மேலே போகலாம், மற்றவர்கள் சின்னப் பிள்ளைகளோடு பழைய வகுப்பிலேயே இருக்கலாம்.

ஐந்தாவது கணக்கு, எல்லாத் தோட்டப் பள்ளியிலும் இருக்கிற பச்சை அட்டைப் புத்தகத்திலிருந்து எடுத்தது. இருநூறு அடி நீளமுள்ள ஒரு நிரையில், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இருபது அடிக்கு ஒரு மரம் வைத்தால் எத்தனை மரம்?

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை பத்து. நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. இருநூறை இருபதால் வகுத்தேன், பத்து வந்தது.

மூன்று பேர் பதினொன்று என்று எழுதியிருந்தார்கள். மூவரும் ஒரே பெஞ்சு. பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். அந்த மூவரில் இருவருக்கு மற்ற நான்கும் சரி, ஆகவே தேறிவிட்டார்கள். அதில் ஒருத்தி அஞ்சலை.

தேறாதவள் அஞ்சலையின் அக்கா மாரியாயி. பதின்மூன்று வயது. ஐந்துக்கு மூன்று.

மாரியாயியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஐந்தாவது கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தாளை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். அதை நான் அவளுக்குத் தாள் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, என் நோட்டுக்குள் செருகி வைத்தேன்.

மறுநாள் காலை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து அவர்கள் அம்மா பேச்சாயி கொட்டகைக்கு வந்தாள். கையில் லாலாங் புல் வெட்டுகிற கத்தி, தலையில் சும்மாடு.

"டீச்சரம்மா, பெரியவள வேலைக்குக் கூட்டிக்கிறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன் பேச்சாயி? அடுத்த தடவை எழுதலாமே."

"பதிமூணு வயசுப் பொண்ண வாய்ப்பாடு சொல்லுற பொடிசுங்களோட உக்கார வெச்சா லயத்துல சிரிக்கிறாங்க. படிப்பு வர்றவுக படிக்கட்டும், வராதவுகளுக்குக் காடு இருக்கு. எனக்கு ரெண்டு கைதானே இருக்கு?" என்றவள் போகும்போது அஞ்சலையைப் பார்த்து, "நீயும் சிவப்பு வாங்குனீன்னா அக்கா பின்னாலதான்" என்றாள்.

நான் மாரியாயியின் பெயரைப் பதிவேட்டில் அடித்தேன். அதையும் சிவப்பு மையில்தான் செய்தேன்.

ஏழெட்டு ஐம்பத்து நான்கு

மூன்றாம் வகுப்பு பேசாத வகுப்பு. கேள்வி கேட்டால் பதினேழு பேரும் தரையைப் பார்ப்பார்கள். பதில் தெரியாமல் இல்லை. பழைய வாத்தியார் விடை தப்பானால் உச்சந்தலையில் குட்டுவாராம். சரியாக இருந்தாலும் மெதுவாகச் சொன்னால் குட்டுவாராம். வாயைத் திறக்காதிருப்பதே உத்தமம் என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

நான் செய்து பார்த்தவை நோட்டில் இருக்கின்றன. முதலில், சரியான விடைக்கு ஒரு கல்கண்டு. கல்கண்டைத் தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் வாய் திறந்தார்கள், கல்கண்டு தீர்ந்ததும் வாயும் மூடிக்கொண்டது. அடுத்து, இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி. ஒரு லயத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், மற்ற லயம் மறு பக்கம் என்று தற்செயலாக அமைந்துவிட, சாயங்காலம் குழாயடியில் பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது, நானே அன்பாகப் பேசுவது. அதற்கும் தரையையே பார்த்தார்கள்.

நான்காவது வழி என்னுடையது இல்லை.

ஒரு நாள் எனக்குத் தலைவலி. கரும்பலகையில் நீளமாக ஒரு பெருக்கல் போட்டுக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் அஞ்சலை சிலேட்டைத் தலையில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். வெளியே வெயில் கொளுத்துகிறது.

"என்ன அஞ்சலை, ஒழுகுதா?"

தலையை ஆட்டினாள். இல்லையாம்.

"பின்னே?"

"சொன்னா அடிப்பீங்க."

"மாட்டேன், சொல்லு."

"அதான் சிலேட்ட வெச்சுக்கிட்டே சொல்லுறேன்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ஏழெட்டு அம்பத்தாறு டீச்சரம்மா. நீங்க அம்பத்தி நாலுன்னு போட்டிருக்கீங்க."

பலகையைப் பார்த்தேன். ஐம்பத்து நான்குதான்.

 குட்டு விழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அழித்துத் திருத்திவிட்டு, "இன்னும் எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டேன். முதன்முறையாகப் பதினேழு பேரும் தரையை விட்டுப் பலகையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் முதல், நான் போடும் கணக்குகளில் ஒன்றை வேண்டுமென்றே தப்பாகப் போட ஆரம்பித்தேன். எது என்று சொல்வதில்லை. கண்டுபிடித்தவர்கள் சிலேட்டைத் தலையில் வைக்க வேண்டும். இரண்டு விதிகள் மட்டும். சிலேட்டு தலையில் இருக்கும்வரை யாரையும் யாரும் அடிக்கக் கூடாது, இது முதல் விதி. தப்பு என்று சொன்னால் போதாது, எந்த இடத்தில் கால் தடுக்கிற்று என்று முன்னால் வந்து காட்ட வேண்டும், இது இரண்டாவது.

பத்துப் பதினைந்து நாட்களில் வகுப்பு தலைகீழாகிவிட்டது. தப்பைத் தேட வேண்டுமானால் எல்லாக் கணக்கையும் அவர்களே போட்டுப் பார்க்க வேண்டும். போட்டார்கள். எச்சில் தொட்டுச் சிலேட்டைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்கள். காய்ச்சல் என்று படுத்திருந்தவன்கூட, இன்றைக்கு எங்கே தப்பு என்று கேட்கத் தங்கையை அனுப்பினான். எனக்குத்தான் வேலை கூடியது. கண்டுபிடிக்கக் கடினமான தப்பை யோசிப்பது, சரியான கணக்குப் போடுவதைவிட நேரம் பிடிக்கும். சித்தி விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடுவாள்.

லாபம்

இங்கே ஒரு கிளைக்கதை.

தோட்டத்து ஜனங்கள் எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். ஊரில் நெல் அளக்கிற வழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. அரிசி அளந்தாலும் அப்படித்தான், ஆட்டுக்குட்டியை எண்ணினாலும் அப்படித்தான்.

அந்தச் சமயம் ஓடைக்கு அந்தப் பக்கம் புதுக்காடு வெட்டிக் கன்று நடத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். இருபது அடிக்கு ஒரு சிவப்புத் துணி முடிந்த கயிற்றை இழுத்துப் பிடித்து, துணி இருக்கிற இடத்தில் எல்லாம் முளை அடிப்பார்கள். ஒருத்தி முளைக் கட்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் கொடுத்தபடி உரக்க எண்ணிக்கொண்டே போவாள். மதியம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே ஓடிவிடுவார்கள், முளை எடுத்துக் கொடுக்க. எண்ணுகிற பழக்கமும் கூடவே கொட்டகைக்கு வந்தது.

நான் திருத்தினேன். "லாபம் இல்லை. ஒன்று."

"சரிங்க டீச்சரம்மா. லாபம் இல்ல, ஒண்ணு" என்பார்கள். மறுநாள் திரும்பவும் லாபம்.

குழாயடிப் பேச்சு

என் தப்புக் கணக்கு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது. ஒரு மாலை தண்ணீர் பிடிக்கப் போனேன். நான்கைந்து பெண்கள் வாளியோடு நின்றார்கள்.

"வாங்க டீச்சரம்மா. ஏழெட்டு எவ்ளோன்னு மறந்துட்டா எங்க வூட்டுக்கு ஆளனுப்புங்க. எங்க சின்னவன் சொல்லித் தாரான்."

"ஏய், சும்மா இருலா. பாவம், ஈப்போவுல அவ்ளோதான் சொல்லிக் குடுத்தாங்களாம்."

"ஒரு நாளைக்கு ஒரு தப்புதான் போடுறாங்களாம் அக்கா. எம் புருசன் போடுற தப்புக்குக் கணக்கே கெடையாது."

சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கினேன். பாதித் தண்ணீர் பாதத்தில் கொட்டியது.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "படிச்ச பொண்ணுன்னு நான் சொல்லித்தான் தொரை ஒத்துக்கிட்டாரு. இப்ப பிள்ளைங்க டீச்சருக்குக் கணக்கு சொல்லித் தருதுன்னு அவர் காதுக்கே போயிடுச்சு. எனக்கு ஆபீஸ்ல தலை காட்ட முடியல."

"வேணும்னே போடுறேன் சித்தப்பா. அது ஒரு முறை."

"முறையா? உப்பைக் குறைச்சுப் போட்டுட்டு, கண்டுபிடிங்கன்னு உன் சித்தி சொன்னா நான் சாப்பிடுவேனா?"

"நேத்து அப்படித்தானே சாப்பிட்டீங்க" என்றாள் சித்தி அடுப்படியிலிருந்து.

தொரை இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டார். அவர் வந்து பார்ப்பார். பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்றால் மூன்றாம் வகுப்பு கிடையாது. பேச்சாயி கத்தி வாங்கியது அந்த வாரத்தில்தான்.

தப்பு விளையாட்டை நிறுத்திவிடச் சொன்னார் சித்தப்பா. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டுமாவது வேண்டாம் என்றார். சரி என்றேன். அன்று காலை பலகையில் நான் எழுதிய எல்லாமே சரியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் தப்பாக எழுதுவார் என்பது என் பட்டியலில் இல்லை.

கொட்டகைக்கு எத்தனை கால்?

நடந்தது இவ்வளவுதான். அவர் பச்சை அட்டைப் புத்தகத்தைப் பிரித்து அதே கணக்கைப் படித்தார். இருநூறு அடி நிரை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இருபது அடிக்கு ஒரு மரம். அஞ்சலையைப் பார்த்து நீ சொல்லு என்றார்.

"பதினொண்ணுங்க."

"தப்பு. உட்காரு. அடுத்தது?"

"பதினொண்ணுங்க ஐயா."

"நீ?"

"பதினொண்ணு."

அவர் பெருமூச்சு விட்டார். வயதானவர், நல்ல மனிதர். கோபம் இல்லை அவருக்கு, வருத்தம்தான். எழுந்து போய் இருநூறு, இருபது என்று எழுதி, வகுத்து, பத்து என்று முடித்தார். அப்போதுதான் பதினேழு சிலேட்டுகள் மேலே போயின.

சித்தப்பா இன்னொரு தரம் இருமினார்.

எனக்கும் விடை பத்து என்று சொன்னேன் அல்லவா? பிள்ளைகள் விளையாட்டை அளவு மீறிக் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். "இறக்குங்க" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் இறக்கியிருப்பார்கள். அதன்பிறகு எத்தனை கல்கண்டு கொடுத்தாலும் ஒருவரும் தலையில் சிலேட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

நான் போட்ட விதி எனக்குப் பிடிக்காத நேரத்திலும் விதிதான். இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: "ஐயா, இந்த வகுப்பில் ஒரு வழக்கம். தப்பு என்று தலையில் வைத்தவர், எங்கே தப்பு என்று காட்ட வேண்டும். ஒரு நிமிஷம் கொடுங்கள்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து குடையை முழங்காலில் வைத்துக்கொண்டார். "காட்டட்டும்."

"அஞ்சலை, எந்த இடத்துல கால் தடுக்குச்சு?"

அவள் சிலேட்டைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தாள். பலகைக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கொட்டகையின் நீளப் பக்கத்தைக் காட்டினாள்.

"ஐயா, இந்தப் பக்கம் காலுக்கும் காலுக்கும் நடுவுல எத்தன சந்து இருக்கு?"

இன்ஸ்பெக்டர் பார்த்தார். "அஞ்சு."

"கால் எத்தன?"

அவர் குடையை எடுத்துக்கொண்டார். எழுந்தார். முதல் மூங்கில் காலின் மேல் குடை நுனியை வைத்தார். பிள்ளைகள் தாங்களாகவே எண்ண ஆரம்பித்தார்கள்.

"லாபம்."

அவர் அடுத்த காலுக்கு நடந்தார். "ரெண்டு." அடுத்தது. "மூணு." ஆயாக் கொட்டகையில் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டது போலிருந்தது. "ஆறு" என்று முடித்தபோது அவர் கொட்டகையின் கடைசி மூலையில், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

"நீங்க சந்துகளத்தான் எண்ணியிருக்கீங்க" என்றாள் அஞ்சலை, ஆறுதல் சொல்வது போல. "மரம் சந்துல நிக்காதுங்களே. மொத முளைய விட்டுட்டீங்க. லாபத்த."

அவர் மெல்லத் திரும்பி வந்தார். பலகையில் தன் பத்தைப் பார்த்தார். கையிலிருந்த பச்சைப் புத்தகத்தை உயர்த்தி நெற்றிக்கு மேலே கொண்டுபோனார். வியர்வையை ஒற்றத்தான் உயர்த்தினாரோ, வேறு எதற்கோ, எனக்கு இன்றுவரை தெரியாது. புத்தகம் ஒரு நொடி அவர் வழுக்கைத் தலையில் உட்கார்ந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். சித்தப்பா இருமலை மறந்துவிட்டார்.

பதிவேட்டில் அவர் எழுதியது ஒரே வரி: மூன்றாம் வகுப்பு தொடரலாம், கணக்கு திருப்தி. மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் நிறைய தோட்டத்துல இதே கணக்கைக் கேட்டிருக்கேன்மா. பதினொண்ணுன்னு சொன்ன பிள்ளைங்க அங்கேயும் இருந்தாங்க. எல்லாரையும் உட்காரச் சொன்னேன்."

"அங்கெல்லாம் யாரும் தலையில் சிலேட்டு வைக்கவில்லையா ஐயா?"

"இல்லை. உட்கார்ந்துட்டாங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் என் நோட்டைத் திறந்தேன். மாரியாயியின் மடித்த தாள் செருகிய இடத்திலேயே இருந்தது. ஐந்துக்கு மூன்று.

வரைபடம் நகலெடுப்பவர் வீட்டுப் பெண் நான். தூரத்தை அளந்து பழகியவள். தூரம் எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்திலும் ஒரு முளை இருக்கும் என்பதைப் பார்த்ததில்லை. நகல் துணியில் எல்லை ஏற்கெனவே போடப்பட்டிருக்கும்.

சிவப்பு மை

மறுநாள் பள்ளி விட்டதும் புதுக்காட்டுக்குப் போனேன். எரித்த மரங்களின் கரி வாசனை இன்னும் போகவில்லை. ஓடையைத் தாண்டும்போது செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மேட்டின்மேல் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். முளைக்கட்டைத் தோளில் வைத்திருந்தவள் மாரியாயி. சில மாதங்களில் ஒரு சாண் வளர்ந்திருந்தாள்.

பேச்சாயி என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். "என்னங்க டீச்சரம்மா, சின்னவ ஏதாச்சும் வாலாட்டுனாளா?"

"இல்லை. பெரியவளைப் பார்க்க வந்தேன்."

வழியெல்லாம் பேச்சை ஒழுங்கு செய்துகொண்டுதான் போனேன். முதலில் இதைச் சொல்ல வேண்டும், பிறகு அதை. மாரியாயி திரும்பிப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். தாளைப் பிரித்து என் தலைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் கையால் பிடித்துக்கொண்டேன்.

கயிறு பிடித்திருந்தவர்கள் கயிற்றைத் தளரவிட்டார்கள். "டீச்சருக்கு வெயில் தாங்கலலா" என்று யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். மாரியாயி சிரிக்கவில்லை. தங்கை வீட்டில் வந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போலும். முளைக்கட்டைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"எந்த எடத்துல கால் தடுக்குச்சு டீச்சரம்மா?"

"லாபத்தை விட்டுட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டினாள். கையை நீட்டித் தாளை வாங்கி ஐந்தாவது கணக்கைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்தது போலவே.

"எனக்குத் தெரியும். ஆனா நீங்க சிவப்புல போட்டுட்டீங்க. காட்டுக் கணக்கு வேற, புஸ்தகக் கணக்கு வேற போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"வேறே இல்லை. உனக்கு ஐந்துக்கு நான்கு. நீ தேறியிருந்தாய். திங்கட்கிழமை வா, மாரியாயி."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பேச்சாயி தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துச் சிவப்புக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "சின்னவ இருக்கட்டும். கத்திய நான் பரண்ல போட்டுட்டேன். இவளுக்குப் பெரட்டுல பேரு பதிஞ்சாச்சு டீச்சரம்மா. இவ இப்ப ஒரு ஆளு. இவ வந்துட்டா நான் என்னா செய்வேன்?" அதில் கோபம் இல்லை. என்னிடம் நிஜமாகவே கேட்டாள். 

"இந்தக் குறிய அழிச்சுக் குடுங்க, போதும்" என்றாள் மாரியாயி.

சிவப்பு மை அழியாது. ரப்பரால் தேய்த்தால் தாள்தான் கிழியும். ஒரு முளையின் தலைமேல் தாளை வைத்து, குறிக்குப் பக்கத்தில் பென்சிலால் சரி என்று எழுதினேன். அடியில் என் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முளைக்கட்டைத் தூக்கித் தோளில் ஏற்றினாள்.

கயிறு விறைத்தது. நான் ஓடையை நோக்கி இறங்கினேன்.

"லாபம்" என்றது பின்னாலிருந்து அவள் குரல். மண்வெட்டிப் பிடியால் முளையை அடிக்கிற சத்தம். "ரெண்டு." மறுபடி அடி. "மூணு."

நான் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். பதினொன்று வரும்வரை கேட்டுவிட்டுத்தான் ஓடையைத் தாண்டினேன்.